வாஷ்பேசினுக்குக் கீழே என்ன வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: வேளச்சேரியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, ராத்திரி மூன்று மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் போன் செய்து, "உங்க வீட்லேர்ந்து தண்ணி கொட்டுது" என்றார். பாத்ரூம் வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரிக்குள் இருந்த கனெக்ஷன் பைப் வெடித்திருக்கிறது. ஸ்டீல் கம்பி பின்னிய, பளபளப்பான பைப்தான். இப்போது கம்பியெல்லாம் தேங்காய் நார் மாதிரி பிரிந்து, அங்கங்கே பழுப்புப் புள்ளியோடு கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னாலும் இதே இடத்தில் இப்படி ஆகி மாற்றினோம். சமையலறை சிங்க்குக்குக் கீழே இருப்பது வீடு கட்டியபோது போட்ட பைப், இன்னும் அப்படியே இருக்கிறது. பிளம்பர், போர் தண்ணீரின் உப்பு அரித்துவிட்டது என்கிறார் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் 1400 இருக்கிறது). ஹார்டுவேர் கடைக்காரர், பைப் மட்டமான சரக்கு என்கிறார். அசோசியேஷன் போன வருடம் மொட்டை மாடியில் வைத்த பிரஷர் பம்ப்தான் காரணம் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி? அந்த அலமாரியில் வைத்திருந்த ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் வீணானதோடு, கீழ் வீட்டு பால்ஸ் சீலிங்கும் போயிற்று. கீசர் பைப்பையும் மாற்றிவிட வேண்டுமா?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, வேளச்சேரி

பதில்: அம்மா, நீங்கள் கணக்கு டீச்சரா, சயன்ஸ் டீச்சரா தெரியவில்லை. ஆனால் கடிதத்திலேயே ஒரு நல்ல பரிசோதனையை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். சமையலறையில் ஒரு பைப், பாத்ரூமில் ஒரு பைப். ஒரே தொட்டித் தண்ணீர், ஒரே பம்ப். ஒன்று ஆறு வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. இன்னொன்று அந்த ஆறு வருடத்தில் இரண்டு முறை செத்திருக்கிறது. தண்ணீரின் உப்பு மட்டுமே காரணம் என்றால் சிங்க் பைப்பும் போயிருக்க வேண்டும். பம்ப் என்றால், பம்ப் வருவதற்கு முன்பே ஒரு முறை வெடித்ததே, அது எப்படி? சரக்கு மட்டம் என்பது இருக்கலாம். ஆனால் வெவ்வேறு வருடத்தில் வாங்கிய இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி போவது வெறும் ராசி அல்ல.

காரணத்தை நீங்கள் கடைசியில், வீணான சாமான் கணக்கோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அலமாரிக்குள் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இருந்தன.

முதலில் இந்த பைப் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், மீதி தானாகப் புரியும். உள்ளே ஒரு ரப்பர் குழாய். தண்ணீர் ஓடுவது அதற்குள்தான். அந்த ரப்பர் தனியாக இருந்தால், மெட்ரோ தண்ணீர் அழுத்தத்துக்கே பலூன் மாதிரி உப்பிவிடும். அதை உப்பவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது வெளியே பின்னியிருக்கும் கம்பி வலை. ரப்பரின் வேலை கசியாமல் பார்த்துக்கொள்வது, கம்பியின் வேலை பாரம் தாங்குவது. சைக்கிளில் டியூபும் டயரும் மாதிரி. டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்கி வெடிக்கும் இல்லையா, அதுதான் உங்கள் வீட்டில் நடந்தது. இரண்டு முனையிலும் அந்த வலையை ஒரு உலோக வளையம் கவ்விப் பிடித்திருக்கும், அதற்கு மேல் நட். பெரும்பாலான பைப்புகள் அந்த வளையத்தை ஒட்டிய அரை அங்குலத்தில்தான் போகும். தண்ணீர் சொட்டி நின்று காய்வது அங்கேதான். வளைவின் பாரம் விழுவதும் அங்கேதான்.

அந்தக் கம்பி எவ்வளவு தடிமன் தெரியுமா? சாதாரணமாக 0.2 எம்.எம். அளவு. மூன்று தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் வரும் தடிமன். உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளரில் ஊசிமுனை அளவு அரிப்பு வந்தால் அது வெறும் கறை. அதே அரிப்பு இந்தக் கம்பியில் வந்தால் கம்பி அறுந்தே போகும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நல்ல பைப்பின் கம்பி 304 என்ற ரக எவர்சில்வர். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. காப்பாற்றுவது அந்தப் படலம்தான். அதற்குப் பரம எதிரி குளோரைடு. நீங்கள் டாய்லெட் கழுவ வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் புகை கசிந்துகொண்டேதான் இருக்கும். பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டைப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் அதிலிருந்து குளோரின் வரும். இரண்டையும் காற்றோட்டம் இல்லாத, ஈரமான ஒரு சின்ன அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். பகல் முழுக்க அந்தப் புகை பைப்பின் மேல் படிகிறது. ராத்திரி ஈரம் சேர்ந்து அதைக் கரைக்கிறது. காலையில் காய்கிறது. மூன்று வருடம் இப்படிப் போனால் பழுப்புப் புள்ளிகள் வரும், பிறகு கம்பி ஒவ்வொன்றாக அறும். வீட்டில் யாரும் அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை.

இழுவிசையில் இருக்கும் எவர்சில்வர், குளோரின் காற்றில் சத்தமில்லாமல் விரிசல் விடும் என்பதை உலகம் ஒரு பெரிய விபத்தில் கற்றுக்கொண்டது. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில், நீச்சல்குளத்துக்கு மேல் எவர்சில்வர் தண்டுகளில் தொங்கவிட்டிருந்த கான்கிரீட் உட்கூரை அப்படியே விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். நீச்சல்குளக் காற்றில் இருந்த குளோரின்தான் அந்தத் தண்டுகளை உள்ளுக்குள் அறுத்திருந்தது. அங்கே தடித்த தண்டுகளுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் அலமாரியில் இருப்பது மூன்று தலைமுடி தடிமன் கம்பி.

ஒரு எச்சரிக்கை, பைப்பைவிட முக்கியமானது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. ஒன்று கவிழ்ந்து இன்னொன்றில் பட்டால் குளோரின் வாயு வரும்; சின்ன பாத்ரூமில் அது மூச்சை அடைக்கும். வெள்ளத்தில் நனைந்த அந்தப் பாக்கெட்டுகளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், ஜன்னலைத் திறந்துவிட்டு, தனித்தனியாக அப்புறப்படுத்துங்கள். புதிதாக வாங்குவதைப் பால்கனியில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஒன்றோடொன்று சேராமல் வையுங்கள்.

புது வீடு வாங்கியவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. சாவி கொடுப்பதற்கு முன் டைல்ஸில் ஒட்டிய சிமெண்டைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். பைப், ஆங்கிள் காக் (பைப் மாட்டச் சுவரில் வைக்கும் சின்ன வால்வு) எல்லாம் மாட்டிய பிறகு இதைச் செய்தால், வீட்டுக்காரர் பால் காய்ச்சும்போதே கம்பியில் அரிப்பு ஆரம்பித்திருக்கும். புது வீட்டில் இரண்டே வருடத்தில் வெடித்த பைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அநேகமாக ஆசிட் வாஷ் கதைதான். டைல்ஸ் வேலை முழுக்க முடிந்து, தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகு கனெக்ஷன் பைப் மாட்டச் சொல்லுங்கள்.

பிளம்பரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. உப்புத் தண்ணீருக்குப் பங்கு உண்டு, ஆனால் அவர் நினைக்கிற வழியில் இல்லை. பைப்புக்குள் ஓடும் உப்புத் தண்ணீர் ரப்பரை மட்டும்தான் தொடுகிறது, ரப்பருக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. கெடுதல் செய்வது வெளியே தெறிக்கும் தண்ணீர். நட்டில் லேசாகக் கசிந்து, கம்பியில் இறங்கி, அங்கேயே காய்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மறுநாள் இன்னொரு சொட்டு. குடிதண்ணீருக்கான இந்திய தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 10500) குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1000 வரை விடலாம் என்கிறார்கள். 304 ரக எவர்சில்வரை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைதான் நம்பலாம் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. டிடிஎஸ் 1400 உள்ள சென்னை போர் தண்ணீரில் குளோரைடு அதைத் தாண்டியே இருக்கும். சொட்டுச் சொட்டாகக் காய்ந்து சேரும்போது அது பல மடங்கு. அதனால்தான் நட்டில் வெள்ளைப் பொருக்கோ பச்சைப் பொருக்கோ கட்டியிருந்தால், தண்ணீர் சொட்டாவிட்டாலும் அந்த பைப்பைக் கழற்றிவிடுங்கள் என்கிறேன்.

கடலை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீரே வேண்டாம், உப்புக் காற்று போதும். அங்கே ஜன்னல் கிரில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் கடைகளில் பார்த்தால் தெரியும், ஒரே மாதிரி பளபளக்கும் பைப்புகளில் பாதி எவர்சில்வரே இல்லை, அலுமினியக் கம்பி. கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். சோப்புத் தூள் கரைசலும் சிமெண்ட் தண்ணீரும் பட்டால் வெள்ளையாகப் பூத்து உதிரும். இன்னொரு வகை, எவர்சில்வர்தான், ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை ரகம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சிலர் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். நல்ல 304 கூடக் கம்பியாக இழுக்கும்போது லேசாகக் காந்தத்தில் ஒட்டும். மட்டமான 200 வரிசையோ ஒட்டாமலும் போகும். 304 என்றும், எத்தனை பார் அழுத்தம், எத்தனை டிகிரி வெப்பம் தாங்கும் என்றும் அச்சிட்டிருக்கிற, பித்தளை நட் போட்ட பைப்பை பில் போட்டு வாங்குவது ஒன்றே வழி. தெரு முனைக் கடையில் 'சாமான் நல்லா இருக்கும் சார்' என்ற வாய்வார்த்தைக்கு வாரண்டி கிடையாது.

உங்கள் அலமாரிக்கு நான் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அது குளிர்ந்த தண்ணீர் லைன் மட்டும்தான் என்றால், ஸ்டீல் வலையே வேண்டாம். உள்ளே நூல் பின்னிய, தடித்த வெள்ளை பிவிசி கனெக்ஷன் பைப், பித்தளை நட்டோடு கிடைக்கிறது. பார்க்க ஏழை வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் ஆசிட் புகையும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது. இன்டீரியர் ஆட்கள் அதைப் போட மறுப்பார்கள். கதவுக்குப் பின்னால் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? பிளாஸ்டிக் நட் போட்டதை மட்டும் வாங்காதீர்கள். அது மாட்டிய அன்றைக்குக் கசியாது, ஒரு வருடம் கழித்து நட்டின் கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டு, ஒரு நாள் இரண்டாகப் போகும்.

அதற்கும் காரணம் பெரும்பாலும் எங்கள் பிளம்பிங் ஆட்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். நட்டைப் பைப் ரெஞ்ச் போட்டு 'கிர்ர்' என்று சத்தம் வரும்வரை முறுக்கினால்தான் வேலை செய்த திருப்தி வரும் சிலருக்கு. நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. கசிவை அடைப்பது அதுதான். கையால் இறுகும்வரை திருப்பி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்கு மேல் போனால் வாஷர் நசுங்கும். வாஷர் உள்ள நட்டுக்கு டேப் சுற்றுவதும் வீண்தான். அதைவிட மோசம், நட்டைத் திருப்பும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்வது. முறுக்கிய பைப்பில் கம்பி வலை ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தளர்ந்துவிடும். இடது கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் நட்டைத் திருப்ப வேண்டும். இதற்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும், ஆனால் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. நங்கநல்லூரில் என் அக்கா வீட்டில் நானே மாட்டிய பைப் எட்டு மாதத்தில் கிழிந்தது. அக்கா இன்றைக்கும் விசேஷங்களில் அதை எல்லோர் முன்னாலும் எடுத்துப் பேசுவாள்.

நீளமும் பார்க்க வேண்டும். ஒன்றரை அடி பைப் எட்டாத இடத்தில் இழுத்துக் கட்டுவார்கள், இரண்டடி பைப் அதிகமான இடத்தில் மடித்துத் திணிப்பார்கள். காபி டபராவின் விளிம்பைவிட நெருக்கமாக பைப் வளையக் கூடாது என்பது நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. நட்டிலிருந்து முதல் இரண்டு அங்குலம் நேராகப் போக வேண்டும்.

இனி மகன் சொன்ன பம்ப். அவன் சொல்வது அடியோடு தப்பில்லை. மூன்றாவது மாடி பேசினிலிருந்து மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் ஏழெட்டு மீட்டர் உயரம் இருக்கும். பத்து மீட்டருக்கு ஒரு பார் என்பது கணக்கு, ஆக முக்கால் பார் அழுத்தம். பிரஷர் பம்ப் வந்த பிறகு இரண்டரை, மூன்று பார் இருக்கும். நல்ல பைப்புகளில் பத்து பார் என்று எழுதியிருப்பார்கள், அதனால் நல்ல பைப்புக்கு இது ஒன்றும் பெரிய பாரம் இல்லை. கம்பி பாதி அறுந்த பைப்புக்கு அது கடைசி உதை. முக்கால் பாரில் இன்னும் ஆறு மாதம் ஓட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

ராத்திரியில் ஏன் வெடித்தது என்பதற்கும் பதில் இங்கே இருக்கிறது. பகலில் யாராவது ஒருவர் குழாயைத் திறந்து வைத்திருப்பார்கள், அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பின்னிரவில் யாரும் திறப்பதில்லை. அழுத்தம் உச்சத்தில் அப்படியே நிற்கும். எங்கேயாவது ஒரு வீட்டில் ஃப்ளஷ் டேங்க் ஒழுகிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். கொஞ்சம் ஒழுகியதும் பம்ப் ஓடும், நிரம்பியதும் நிற்கும், மறுபடி ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் நாளைக்கு 288 தடவை, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் கட்டடத்தில் உள்ள எல்லா பைப்பும் ஒரு முறை உப்பிச் சுருங்குகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் பத்து நிமிடம் நின்று பாருங்கள் என்று செயலாளரிடம் சொல்லுங்கள். யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் பம்ப் விட்டு விட்டு ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. சிலர் தண்ணீர் வேகம் போதவில்லை என்று பம்பின் கட்-ஆஃப் அழுத்தத்தை (பம்ப் தானாக நிற்கும் அளவை) ஏற்றிவிடுவார்கள். மூன்று பாருக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் அழைப்புகளில் பேசினைவிட இதுதான் அதிகம். ஹெல்த் ஃபாசெட், அதாவது டாய்லெட் பக்கத்தில் தொங்கும் கைத் தெளிப்பான். அதன் ஹோஸ், ஷவருக்காகப் பிறந்த ஹோஸின் உடன்பிறப்பு. கையில் பிடிக்கும் ஷவரில் குழாய் முதலில், ஹோஸ் பிறகு; குழாயை மூடினால் ஹோஸில் அழுத்தம் இருக்காது. ஹெல்த் ஃபாசெட்டில் அழுத்தும் பொத்தான் கடைசியில் இருக்கிறது. சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடாவிட்டால், அந்த மெல்லிய ஹோஸ் இருபத்து நாலு மணி நேரமும் முழு அழுத்தத்தில் தொங்கும். கூடவே டாய்லெட் கழுவும் ஆசிட் தெறிப்பதும் அதன் மேல்தான். வீட்டில் எல்லோரும் பயன்படுத்திய பிறகு ஆங்கிள் காக்கை மூடும் பழக்கம் வந்தால் பாதி விபத்து குறையும். குழந்தைகள் மூட மாட்டார்கள் என்று தெரியும். குறைந்தபட்சம் படுக்கப் போகும் முன் நீங்கள் மூடுங்கள். வாஷிங் மெஷின் ஹோஸும் இதே ஜாதி. அதன் உள்வால்வு சட்டென்று மூடும்போது ஓடும் தண்ணீர் முட்டி நின்று ஹோஸுக்கு ஒரு குத்து விடும், சுவரில் 'டொக்' என்று கேட்குமே அது. துவைத்து முடிந்ததும் குழாயை மூடுங்கள். பால்கனியில் மெஷின் இருந்தால் வெயிலில் ஹோஸ் விறைத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எலி கடித்த ஹோஸ் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள், ஒரு முறை வீட்டில் நடந்த பிறகு சிரிப்பதில்லை.

கீசர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள், அதுவும் முதலில். சூட்டில் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிக்கும். மெட்ரோ தண்ணீரில் கலந்து வரும் குளோரினும் சூட்டில்தான் ரப்பரை வேகமாகத் தின்னும். இன்னொரு சங்கதி, 25 லிட்டர் கீசரில் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 350 மில்லி அதிகமாகும், ஒரு பெரிய டம்ளர் அளவு. அந்த 350 மில்லி எங்கேயாவது போக வேண்டும். தொட்டியிலிருந்து நேராக வரும் லைன் என்றால் வந்த வழியே திரும்பித் தொட்டிக்குப் போகும். கீசர் நுழைவாயில் வால்வோ, பம்போ அதைத் திரும்ப விடாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டும். அந்த வால்வு பல கீசர்களில் எட்டு பாருக்குத்தான் திறக்கும். தினமும் காலையில் உங்கள் கீசர் பைப் அந்த எட்டு பாரைச் சந்திக்கிறது. சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது குக்கரின் வெயிட் வால்வை அடைப்பதற்குச் சமம். சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு சின்ன டியூப் போட்டுத் தரைக்கு விடுங்கள், அடைக்காதீர்கள். கீசருக்கு பிவிசி பைப் ஆகவே ஆகாது. ரப்பரே இல்லாத, நெளிநெளியாக இருக்கும் எவர்சில்வர் குழாய் கிடைக்கிறது, கொஞ்சம் விலை அதிகம். கீசருக்கு நான் அதைத்தான் போடுகிறேன். அதையும் மாட்டும்போது ஒரு முறைதான் வளைக்க வேண்டும், வளைத்து வளைத்துப் பார்த்தால் நெளிவில் விரிசல் விடும்.

சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்களுக்கும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு உங்கள் வேளச்சேரியில் வெள்ளம் புகுந்த சம்ப்பில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டார்கள். தொட்டி கழுவும்போது அப்படிப் போடலாம், ஆனால் அந்தத் தண்ணீரை வீட்டு லைனுக்குள் விடாமல் வெளியேற்றிவிட வேண்டும். சாதாரண நாட்களில் 1000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போதும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வெடித்த பைப்பைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், அசோசியேஷனில் பேச்சு வரும்போது உதவும். சிங்க் பைப் நன்றாக இருக்கிறது என்றாலும் ஆறு வருடம் ஆகிவிட்டது, அதையும் மாற்றுங்கள். சமையல் காஸுக்கு வாங்கும் சுரக்‌ஷா டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும், நாமும் மாற்றுகிறோம். தண்ணீர் டியூபுக்கு யாரும் தேதி போட்டுத் தருவதில்லை, அதனால் மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் நீங்களே பெர்மனன்ட் மார்க்கரால் நட்டில் எழுதிவிடுங்கள். போர் தண்ணீர் ஓடும் பாத்ரூமில் நான்கு வருடம், மற்ற இடங்களில் ஐந்து வருடம் என்பது என் அளவு. அதற்கு முன்பே மாற்ற வேண்டியதன் அடையாளங்களை நீங்களே பார்த்துவிட்டீர்கள்: பழுப்புப் புள்ளி, பிரிந்த கம்பி, பொருக்குக் கட்டிய நட். ஒரு இடத்தில் லேசாக உப்பியிருந்தால் அன்றைக்கே.

ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுக்கு வரும் வால்வை மூடிவிட்டுப் போங்கள். சில கட்டடங்களில் அது மொட்டை மாடியில் இருக்கும், சிலவற்றில் குழாய்கள் இறங்கும் டக்ட்டில், சிலவற்றில் பாத்ரூம் சுவரில். எது என்று தெரியாவிட்டால் பிளம்பரை வைத்து ஒரு முறை கண்டுபிடித்து, வீட்டு எண்ணை பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டினால் எட்டு மணி நேரத்தில் 7200 லிட்டர். கீழ் வீட்டுக்காரர் மூன்று மணிக்கு எழுந்தாரே, அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆங்கிள் காக்குகளையும் மாதம் ஒரு முறை மூடித் திறந்து விடுங்கள். போர் தண்ணீர் உப்பில் அவை கல்லாகிவிடும், அவசரத்தில் திருப்பினால் கழுத்தோடு ஒடிந்து கையில் வரும். அப்புறம் அந்தத் தண்ணீரை மொட்டை மாடி வால்வு வரை ஓடித்தான் நிறுத்த வேண்டும்.

செலவு யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. என் அனுபவத்தில், ஆங்கிள் காக்குக்குப் பிறகு உள்ளது அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் எல்லா அசோசியேஷனும் எடுத்துக்கொள்கிறது. பம்ப் மேல் பழி போட்டு இழுத்தடிப்பதைவிட கீழ் வீட்டுக்குப் போய், சீலிங்கை நான் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. உங்களிடம் வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி பீரோவில் கிடக்கலாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்து வரும் சேதமும் சேர்ந்திருக்கிறது. அது உங்கள் வீட்டுச் சேதத்துக்குத்தான், கீழ் வீட்டுக்குத் தானாக வராது.

அவர்கள் சீலிங்கில் லைட், ஃபேன் ஒயர்கள் இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்த சர்க்யூட்டின் எம்சிபி சுவிட்சை இறக்கியே வைக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்க அவசரம் வேண்டாம். நனைந்த பலகையைக் கழற்றி, மேலே உங்கள் தளத்தின் அடிப்பக்கம் மூன்று நான்கு வாரம் காற்றில் காயட்டும். நம்ம ஊர் ஈரத்தில் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் கான்கிரீட் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.